படகு கன்சோலுக்கு நானே செய்த வயரிங்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சின்ன ஃபைபர் படகு, அவுட்போர்டு இன்ஜின், 12 வோல்ட் பேட்டரி. கன்சோலுக்குள், அதாவது ஸ்டீயரிங்கும் ஸ்விட்ச்சுகளும் இருக்கும் பெட்டிக்குள், முன்பு படகை வைத்திருந்தவர்கள் ஆளுக்கொன்றாக இழுத்த வயர்கள் கிடந்தன. எல்லாவற்றையும் உருவிவிட்டு நானே புதிதாகச் செய்தேன். உப்புக்காற்றில் அது எப்படித் தாங்கியது என்பதைச் சொல்கிறேன்.

பலரும் ஸ்விட்ச் பேனலைத் தேர்ந்தெடுப்பதில்தான் மெனக்கெடுகிறார்கள். என்னைக் கேட்டால் நெகட்டிவ் பக்கத்தை முதலில் பாருங்கள். பழைய வயரிங்கில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (ஆழம் காட்டும் கருவி), லைட் எல்லாம் களிம்பேறிய ஒரே போல்ட்டில் தொங்கின. லைட்டைப் போட்டால் ஜிபிஎஸ் அணைந்துவிடும். இப்போது எல்லா நெகட்டிவும் ஒரு பஸ்பாருக்கு (பல வயர்களை ஒன்றாக இணைக்கும் உலோகப் பட்டை) வந்து, அங்கிருந்து தடித்த வயர் ஒன்று பேட்டரிக்குப் போகிறது. அந்தத் தொல்லை அதன்பின் வரவே இல்லை.

வயரில் காசு பார்க்காதீர்கள். வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான் கடலுக்குச் சரி. சாதாரண செம்பில் ஈரம் உறைக்குள் ஏறி, உரிக்க உரிக்கக் கறுப்பாகவே வரும். தடிமனைக் கணக்கிடும்போது போகிற தூரத்தோடு திரும்பி வருகிற தூரத்தையும் சேர்க்க வேண்டும். நேவிகேஷன் லைட்டுக்கு வோல்டேஜ் இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது படகுகளுக்கான அமெரிக்க அமைப்பான ஏபிஒய்சி-யின் தரநிலை. 12 வோல்ட்டில் அது வெறும் 0.36 வோல்ட்.

இணைப்புகளை ராட்செட் கிரிம்பரால் (வயர் முனைகளை நசுக்கிப் பிடிக்க வைக்கும் கருவி) அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கி இறுகும், உள்ளே பசையுள்ள உறை) போட்டேன். இன்றுவரை ஒன்றும் கழலவில்லை. சால்டரை (பற்றவைப்பை) மட்டும் நம்பினால், அது விறைத்து நிற்கிற விளிம்பில் வயர் அலை அதிர்வில் ஒடியும்.

உடம்பை வாட்டியது இடநெருக்கடிதான். கன்சோல் கதவு வழியாக ஒரு கைதான் நுழையும். அதனால் ஃபியூஸ் பாக்ஸையும் பஸ்பாரையும் ஒரு அக்ரிலிக் பலகையில் வெளியிலேயே பொருத்தி, வயரின் இரண்டு முனையிலும் பெயர் ஒட்டி, அப்புறம் உள்ளே ஏற்றினேன். பழுது பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெயர்கள்தான் கைகொடுக்கின்றன.

பேனலில் உள்ள, இரு பக்கமும் சாய்த்து அழுத்தும் ராக்கர் ஸ்விட்ச்சுகளில்தான் எனக்குத் திருப்தி இல்லை. உள்விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. பின்பக்கம் செருகும் முனைகளை அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது.

பில்ஜ் பம்ப்பின் (படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றுவது) ஃப்ளோட் ஸ்விட்ச்சுக்கு, அதாவது தண்ணீர் ஏறினால் மிதந்து பம்ப்பை ஓட்டும் ஸ்விட்ச்சுக்கு, மெயின் ஸ்விட்ச் வழியாக மின்சாரம் கொடுக்காதீர்கள். தனி ஃபியூஸோடு நேராகப் பேட்டரியிலிருந்து கொடுங்கள். ஆளில்லாமல் கட்டிக் கிடக்கும் படகில் மழைத்தண்ணீர் ஏறினால் அந்தப் பம்ப் தானாக ஓடியாக வேண்டும்.