பிளேஸ்டேஷன் 4உம் சிம் றூட்டரும்: வன்னி வீடொன்றில் நீண்டநாள் பாவனை

ஃபைபர் வயர் இன்னும் ஒழுங்கைக்குள் வராத வீடுகளுக்கானது இது. மாங்குளமோ மல்லாவியோ, ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயோ, அப்படியான வீட்டில் பிளேஸ்டேஷனுக்கு இணையம் பெரும்பாலும் சிம் போட்ட 4ஜி றூட்டர் வழியாகத்தான் வரும். மாரியும் கோடையும் கடந்த பாவனையில், ஒன்லைன் ஆட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். பாடுபடுத்துவது டவுன்லோட்.

பலரும் றூட்டரை டிவிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். அங்கேதான் பிழை தொடங்குகிறது. தகரக் கூரையும் சீமெந்துக்கல் சுவரும் சிக்னலை நன்றாக மறிக்கும். றூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (192.168.8.1 அல்லது 192.168.1.1 போல) போனில் திறந்தால் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலுக்கு மேல் சிக்னலின் தெளிவு) என்று இரண்டு எண் தெரியும். முதலாவது −95 அளவிலோ அதைவிட மேலாகவோ (0க்குக் கிட்டவாக), இரண்டாவது 10க்கு மேலாகவோ இருக்கவேண்டும். −110க்குக் கீழே போனால் ஆட்டம் இழுபடும். றூட்டர் காட்டும் சிக்னல் கோடுகளை நம்பவேண்டாம், நாலு கோடு நிற்கும்போதே எஸ்ஐஎன்ஆர் 2இல் கிடக்கும். டவர் பக்கத்து யன்னல்களில் ஒவ்வொன்றாக வைத்து, இரண்டு நிமிடம் பொறுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளி ஆன்டெனா பூட்டுகிறவர்கள் கூரையில் அதை வைத்து, பத்து மீற்றர் வயரை வீட்டுக்குள் இழுக்கிறார்கள். கடையில் கிடைக்கும் மெல்லிய ஆர்ஜி-58 வயர் 4ஜி அலைவரிசையில் மீற்றருக்குக் கிட்டத்தட்ட 1 டெசிபெல் சிக்னலைத் தின்னும். 9 டெசிபெல் ஆன்டெனா தந்ததெல்லாம் வயரிலேயே போய்விடும். லான் வயருக்கு அந்த நட்டம் இல்லை, 100 மீற்றர் வரை போகலாம். ஆகவே ஆன்டெனா வயர் ஒன்றிரண்டு மீற்றருக்குள் இருக்க, றூட்டரை அதற்குக் கிட்ட வைத்து, கெட் 6 லான் வயரை டிவி வரை கொண்டுவாருங்கள். செப்புப் பூசிய அலுமினிய வயர் மலிவு. ஆனால் முறியும், முனையில் கறுக்கும். முழுச் செப்பு வாங்குங்கள். வயர் முனையில் பிளக் தலை அடிக்கும் நிறவரிசை: செம்மஞ்சள்-வெள்ளை, செம்மஞ்சள், பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, மண்ணிற-வெள்ளை, மண்ணிறம். அணிலும் எலியும் கடிக்காமலிருக்க பிவிசி குழாய்க்குள் விடுவது அவசியம்.

வயர் இழுக்கவே முடியாதென்றால் வைஃபை. முதல் வந்த தடித்த பிளேஸ்டேஷன் 4க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். ஸ்லிம், ப்ரோ இரண்டுக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் உண்டு. பழையது வாங்கும்போது இதைப் பாருங்கள்.

மெனுவில் செட்டிங்ஸ், நெட்வேர்க், செட் அப் இன்டர்நெட் கனெக்‌ஷன், லான், ஈஸி என்று போனால் முடிந்தது. பிளேஸ்டேஷன் ஸ்டோர் பாதியில் நின்றால், ஈஸிக்குப் பதிலாகக் கஸ்டமுக்குள் போய் எம்டியூவை (ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொதியின் அளவு) 1400 ஆக்கிப் பாருங்கள். டிஎன்எஸ்ஸை (தளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் சேவை) 8.8.8.8 ஆக்குவதால் உள்நுழைவு சீராகலாம், பிங் (ஆட்டத்தின் தாமதம்) குறையாது. கணக்குத் திறக்கும் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. பிறகு நாட்டை மாற்றவும் முடியாது. கிப்ட் கார்டும் அதே நாட்டினதாக இருக்கவேண்டும் என்பதால், எந்த நாட்டுக் கார்டு உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும் என்று முதலே விசாரித்துவிட்டுத் திறவுங்கள்.

இணையச் சோதனையில் நாட் (NAT) டைப் 3 என்று வந்தால் நண்பரின் குரல் கேட்காமல் போகலாம், ஆட்ட அறைக்குள் சேரமுடியாமலும் போகலாம். றூட்டரில் யுபிஎன்பியை (தேவையான போர்ட்டுகளை, அதாவது வெளித் தொடர்பு உள்ளே வரும் வழிகளை, தானாகத் திறக்கும் வசதி) போடுங்கள். அதற்கும் மாறாவிட்டால் றூட்டரின் வெளி ஐபியைப் பாருங்கள். அது 10இலோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள் என்று பொருள். அங்கே போர்ட் திறப்பது வீண்வேலை. பொது ஐபி தருவார்களா என்று நிறுவனத்திடம் கேட்பதே வழி.

ஆட்டத்துக்கு மணிக்கு 150 எம்பிக்கு மேல் போவது அரிது. 50 ஜிபி கேம் ஒன்று 10 எம்பிபிஎஸ் வேகத்தில் 11 மணித்தியாலம் எடுக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஓட்டோமெட்டிக் டவுன்லோட்ஸில் அப்ளிகேஷன் அப்டேட்டின் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பகல் டேட்டா தெரியாமலே கரையும். டவுன்லோடைப் பகலில் தொடக்கி நிறுத்திவைத்து, இரவு டேட்டா தொடங்கியதும் ஓடவிட்டு, ரெஸ்ட் மோடில் போடலாம். ரெஸ்ட் மோடிலும் இணையத்தில் நிற்கும் தெரிவு சரியிடப்பட்டிருக்கவேண்டும்.

கரண்ட் திடீரென்று நின்றால் ஹார்ட் டிஸ்க் குழம்பும். 650 விஏ யுபிஎஸ் ஸ்லிம்மையும் டிவியையும் ஒழுங்காக நிறுத்தும் வரைக்குத் தாங்கும். றூட்டருக்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் தனியாக வேண்டும். குழம்பினால் பவர் பட்டனை 7 செக்கன், இரண்டாவது பீப் வரை அழுத்தி சேஃப் மோடுக்குள் போய், 5ஆவது தெரிவான ரீபில்ட் டேட்டாபேஸைச் செய்யுங்கள். கேம்கள் அழியா.

ஐப்பசி மாலை இடி முழங்கினால் பிளக்கை மட்டும் கழற்றுவது காணாது. கூரையிலிருந்து வரும் லான் வயரையும் கொன்சோலிலிருந்து கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாலும் வரும். கொன்சோலின் லான் போர்ட் எரிந்துபோனாலும் வைஃபை பெரும்பாலும் வேலைசெய்யும். போர்ட் மாற்றிக் கிடைக்கும்வரை அதில் சமாளிக்கலாம்.