எந்தத் தேர்வு பிள்ளையின் வளர்ச்சியைக் காட்டும்?

பினாங்கு மாநிலத்துப் பிறையில் மாலை வேளைகளில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். பினாங்குத் தீவில் அனைத்துலகப் பள்ளியில் படிக்கும் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருநாள் முகம் வாடி வந்தான். "மேப் டெஸ்ட்ல பாதிக் கேள்வி தெரியல டீச்சர்." நன்றாகப் படிக்கிற பையன். அவன் அம்மாவும் பதறிப்போனார்.

பதற ஒன்றுமில்லை. மேப் என்ற அந்தக் கணினித் தேர்வு அப்படித்தான் நடக்கும். சரியாகச் செய்தால் அடுத்த கேள்வி கடினமாக வரும், தவறினால் எளிதாக வரும். கடைசியில் பிள்ளை ஏறக்குறைய பாதிக்குப் பாதி சரியாகச் செய்யும் இடத்தில் வந்து நிற்கும். அந்த இடம்தான் அவனுடைய நிலை.

மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021இல் நின்றது, மூன்றாம் படிவ மாணவர்கள் எழுதிய பி.டி.3 2022இல் நின்றது. அதற்குப் பின் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் பார்த்து வந்தவை இரண்டு: ஆசிரியரே வகுப்பில் பார்த்துச் செய்யும் வகுப்புசார் மதிப்பீடு தரும் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலை, நான்காம் ஆண்டிலிருந்து எழுதும் யு.ஏ.எஸ்.ஏ. என்ற ஆண்டிறுதித் தேர்வு.

யு.ஏ.எஸ்.ஏ. தாளில் எல்லாருக்கும் ஒரே கேள்விகள். அந்த ஆண்டின் பாடம் வந்ததா என்று பார்க்க அது போதும். வளர்ச்சியை அளக்க அது போதாது. என்னிடம் வந்த ஒரு பிள்ளைக்கு ஐந்தாம் ஆண்டுத் தொடக்கத்தில் கடன் வாங்கிக் கழிக்கவே வராது. சில மாதங்களில் கழித்தலைத் தாண்டிப் பெருக்கலுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய தூரம்! ஆனால் தாளில் பின்னமும் விழுக்காடும்தான் கேட்டார்கள், மதிப்பெண் பழையபடி இருபதுகளிலேயே நின்றது. அழுதுவிட்டாள். மேலே இருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஆண்டுதோறும் 95 வாங்கும் பிள்ளை வளர்ந்ததா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது.

கணினித் தேர்வில் ஒவ்வொரு கேள்வியின் கடினமும் முன்பே அளக்கப்பட்டு ஒரே அளவுகோலில் இருக்கும். கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும், ஆண்டுத் தொடக்கத்தில் வந்த புள்ளியையும் கடைசியில் வந்ததையும் அதனால் ஒப்பிடலாம். அந்தச் சிறுமி நடந்த தூரம் அதில் தெரிந்திருக்கும்.

குறையும் உண்டு. பதில் கொடுத்துவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. மேப் தேர்வில் 3 புள்ளி அளவுக்கு ஏற்ற இறக்கம் இயல்பு. அதனால் 2 புள்ளி குறைந்துவிட்டது என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். பொறுமையில்லாமல் தட்டிவிட்டுப் போகிற பிள்ளையின் புள்ளியை நம்பவும் முடியாது.

தமிழ்மொழி என்றால் நான் வகுப்புசார் மதிப்பீட்டின் பக்கம். பிள்ளை எழுதும் கட்டுரையும், வாய்விட்டுப் படிக்கும்போது ழகரம் வருகிறதா என்பதும், தினமும் கேட்கும் ஆசிரியருக்குத் தெரிகிற அளவு கணினிக்குத் தெரியாது. ஆனால் ஓர் ஆசிரியர் தரும் நான்காம் அடைவுநிலையும் இன்னோர் ஆசிரியர் தரும் நான்காம் அடைவுநிலையும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

கணிதத்துக்கு மட்டுமாவது தமிழில் இப்படி ஒரு கணினித் தேர்வு வேண்டும் என்பது என் ஆசை. கேள்வி எழுதுவதோடு வேலை முடியாது. ஒவ்வொன்றையும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தால்தான் அதன் கடினம் தெரியும். ஒரு பள்ளியால் ஆகாது. பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளும் சேர்ந்தால், நான்காம் ஆண்டுக் கணிதத்திலிருந்து தொடங்கலாம்.