வேப்ப எண்ணெய்: சாம்பல் நோய்க்கு உதவும், பிஞ்சு உதிர்வுக்கு உதவாது

மாடித் தோட்டத்துச் சுரைக்கொடிக்காக உரக்கடையில் வாங்கிய இந்த வேப்ப எண்ணெய், இலையில் மாவு தூவியதுபோல் படரும் சாம்பல் நோயை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வீதம் காதி சோப்புக் கரைசலுடன் கலந்து ஆரம்பத்திலேயே தெளித்தால், நன்றாகவே கட்டுப்படுத்துகிறது. நோய் முற்றிய இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துவதே நல்லது. ஆனால் புட்டியில் அச்சிட்டிருப்பதற்கு மாறாக, பிஞ்சு உதிர்வை இது நிறுத்தாது. பெண் பூவின் அடியிலுள்ள பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்குவது பெரும்பாலும் மகரந்தம் சேராததால்தான். சுரைப்பூ மாலையில் விரிவதால், அப்போது ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் (மகரந்தத்தை ஏற்கும் முனையில்) மெல்லத் தடவ வேண்டும். அந்த நேரத்தில் எண்ணெய் தெளிக்கவே கூடாது, அதிகாலையே ஏற்றது. விலைக்குத் தகுந்த பொருள். மூடி மட்டும் கசிகிறது.