யார்க் போறவங்க கவனத்துக்கு: 240 பவுண்டும் ஒரு ஜன்னல் போட்டோவும்

240 பவுண்டு. ரூம் புக் பண்றேன்னு நான் ஏமாந்த தொகையை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நாலு நாளா எனக்கு வேற எந்த நம்பரும் மண்டையில நிக்கல.

இங்கிலாந்துல, பர்மிங்ஹாம்ல எம்எஸ்சி படிக்கிறேன். ஒரு முதியோர் இல்லத்துல பகுதி நேர வேலை, மணிக்கு 12.21 பவுண்டு. ஸ்டூடண்ட் விசாவுல வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்க முடியும். பெருக்கிப் பாத்துக்கோங்க. ஒரு வாரம் முழுக்க அடுத்தவங்க அப்பா அம்மாவைக் குளிப்பாட்டி, படுக்கை விரிப்பு மாத்தி, சோறு ஊட்டி வாங்கின சம்பளத்தை, முகம் தெரியாத ஒருத்தனுக்கு மூணே நிமிஷத்துல அனுப்பி வச்சிருக்கேன். நானே, என் விரலாலயே.

நாகர்கோவில்ல இருந்து அம்மா வந்திருக்காங்க. முதல் தடவை பிளேன், முதல் தடவை வெளிநாடு. லண்டன்ல தங்க வைக்க எனக்கு வக்கில்ல. யார்க் போலாம்னு முடிவு பண்ணினேன். பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல ரயில் ஏறினா நேரா போய் இறங்கலாம். காசு இல்லாதவங்களுக்கு ஏத்த ஊர்னு சீனியர் அக்கா ஒருத்தங்க சொன்னாங்க, அது உண்மையும்கூட. கோட்டைச் சுவர் மேல நடக்கக் காசு கிடையாது. ரயில்வே மியூசியத்துக்குக் காசு கிடையாது. மியூசியம் கார்டன்ஸ்ல இடிஞ்ச மடாலத்துக்குப் பக்கத்துல நாள் முழுக்க உக்காந்திருக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாம் இலவசம், ராத்திரி படுக்கிற இடம் தவிர. அங்கதான் நான் விழுந்தேன்.

தங்கறதுக்கு நான் பார்த்த தேதி ஆகஸ்ட் 21, வியாழன், மூணு ராத்திரி. அந்த வாரம் யார்க்ல பெரிய குதிரைப் பந்தயம் நடக்கும்னு எனக்குத் தெரியாது. புதன்ல இருந்து சனி வரைக்கும் நாலு நாள். ஹாஸ்டல், சின்ன ஹோட்டல், வீட்டு ரூம் எல்லாத்துலயும் விலை ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ஏறிக் கிடந்தது. அந்தப் பட்டியலுக்கு நடுவுல ஒரே ஒரு ரூம் மட்டும் ராத்திரிக்கு 90 பவுண்டு.

அந்த ரூம் இருந்த இணையதளத்தோட பேரை நான் இங்க சொல்லல. வீட்டு ரூம் வாடகைக்கு விடற பெரிய தளங்கள்ல ஒண்ணு, நீங்களும் போன்ல வச்சிருப்பீங்க. அதுல முதல் போட்டோவைப் பாத்ததும் என் புத்தி போயிடுச்சு. வெள்ளை ஜன்னல், ஓரத்துல பூப்போட்ட திரைச்சீலை, ஜன்னலுக்கு வெளிய யார்க் மின்ஸ்டர், அந்த ஊரோட பெரிய தேவாலயம். நடுக்கோபுரம், அதுக்குக் கீழ எட்டு மூலையா கூம்பு மாதிரி ஒரு கூரை, முன்னாடி பச்சை மரங்கள். அம்மா காலையில எழும்பி காப்பி டம்ளரோட அந்த ஜன்னல்ல நிக்கிற மாதிரி நினைச்சுப் பாத்துட்டேன். அவ்வளவுதான், கதை முடிஞ்சது.

ரிக்வெஸ்ட் அனுப்பின பத்து நிமிஷத்துல ரூம்காரன்கிட்ட இருந்து பதில் வந்துடுச்சு. அம்மாவோட வரேன்னு எழுதியிருந்தேன். அதைப் பிடிச்சுக்கிட்டான். 'உங்க அம்மாவுக்கு முட்டி வலி இருக்கா? படி கொஞ்சம் செங்குத்து, வேணும்னா கீழ் ரூமை ரெடி பண்றேன். சைவமா? கிச்சன்ல தனிப் பாத்திரம் எடுத்து வைக்கிறேன்.' இப்படி எந்த ஹோட்டல்காரனாவது கேட்டிருக்கானா? நான் கண் கலங்கிட்டேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், நன்றி சொல்லி ஒரு பக்கத்துக்குப் பதில் போட்டேன்.

அடுத்த மெசேஜ் வாட்ஸ்அப்ல வந்தது. தளத்துல காலண்டர் ஏதோ மக்கர் பண்ணுது, புக்கிங் உறுதி ஆக மாட்டேங்குது, நேரடியா பேங்க்ல போட்டா கமிஷன் மிச்சம், 270-க்குப் பதிலா 240 குடுங்கன்னு. இங்கயே நான் முழிச்சிருக்கணும். முழிக்கல. 30 பவுண்டு மிச்சம்னா எனக்கு ஒரு வாரத்து மளிகை.

பேங்க் ஆப்ல அக்கவுண்ட் நம்பரையும் பேரையும் போட்டேன். இந்த நாட்டுல பணம் போறதுக்கு முன்னாடி, நாம போட்ட பேரும் அக்கவுண்ட்ல இருக்கிற பேரும் ஒண்ணான்னு பேங்க் சரிபார்க்கும். பார்த்துட்டு எனக்குச் சொல்லுச்சு: பெயர் பொருந்தவில்லை. சின்ன எழுத்துல இல்ல, திரை முழுக்கப் பெருசா. நிறுத்திட்டு அவன்கிட்ட கேட்டேன். 'ஓ, அது என் தங்கச்சி அக்கவுண்ட், வீட்டைச் சுத்தம் பண்றது அவதான்'னு ஒரு சிரிப்பு எமோஜியோட பதில். பேங்க் சொன்னதை விட்டுட்டு நான் எமோஜியை நம்பினேன். தொடரவும்னு அழுத்தினேன். போச்சு.

வியாழன் மத்தியானம் யார்க்ல இறங்கினோம். லெண்டல் பாலத்துல ஊஸ் ஆத்தைக் கடந்து, பெட்டியை இழுத்துக்கிட்டு நடந்தோம். 'பூத்தம் பார் தாண்டினா மூணு நிமிஷம்'னு எழுதியிருந்தான்னு அம்மாகிட்ட சொன்னேன். அம்மா நின்னுட்டாங்க. "பார் பக்கத்துலயாட்டி நம்மள தங்க வைக்குக?" அந்த ஊர்ல பார்னா கோட்டை வாசல், கேட்னு முடிஞ்சா அது தெரு, வைக்கிங்குகள் விட்டுட்டுப் போன சொல்லுன்னு விளக்கம் குடுத்துக்கிட்டே, பெரிய கைடு மாதிரி, அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தது எழுபது வயசுப் பாட்டி. கையில தோட்டத்து கையுறை, அதுல ஈர மண்ணு. என் முகத்தைப் பார்த்தாங்க, பெட்டியைப் பார்த்தாங்க, அம்மாவைப் பார்த்தாங்க. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, "அடக் கடவுளே, மறுபடியுமா"ன்னாங்க. இந்த மாசத்துல நாங்க மூணாவது ஆளாம். போன வாரம் கைக்குழந்தையோட ஒரு குடும்பம் வந்து நின்னுச்சாம். அவங்க ரூம் எதுவும் வாடகைக்கு விடறதில்லை. யாரோ அவங்க வீட்டு நம்பரைப் போட்டு வியாபாரம் நடத்துறான்.

"மக்ளே, இவங்க என்ன சொல்லுகாங்க? நம்ம ரூம் எங்க?"

அதுக்கு என்ன பதில் சொல்ல? பாட்டி அம்மாவை உள்ள கூப்பிட்டு பாத்ரூம் காட்டி, டீ போட்டுக் குடுத்து, பெட்டிகளை அங்கேயே வச்சுட்டுப் போகச் சொன்னாங்க. அந்த ஊர் மேல எனக்கு இன்னும் கோபம் வராததுக்கு அந்த டீ ஒண்ணுதான் காரணம்.

மின்ஸ்டருக்கு வெளிய கான்ஸ்டன்டைன் சிலை இருக்கு. 306-ல ரோமானியப் படை அவரைப் பேரரசர்னு அறிவிச்சது இந்த ஊர்லதானாம். அவர் பாட்டுக்கு நாற்காலியில சாய்ஞ்சு உக்காந்து முனை ஒடிஞ்ச வாளைப் பார்த்துட்டிருந்தார். அவர் காலடியில அம்மாவை உக்கார வச்சுட்டு நான் போன் போட ஆரம்பிச்சேன்.

முதல்ல தளம். சாட்ல ஒரு ரோபோ. 'உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்.' இருபது நிமிஷம் கழிச்சு ஒரு மனுஷர். புக்கிங் நம்பர் கேட்டார். இல்லைன்னேன், அவன் உறுதி பண்ணவே இல்லையே. 'பணம் எங்க வழியா வரல, அதனால எங்க கணக்குல இப்படி ஒரு புக்கிங்கே கிடையாது.' சரி, பணத்தை விடுங்க, அந்த விளம்பரத்தையாவது இப்பவே எடுங்க, பாட்டி வீட்டு வாசல்ல அடுத்த ஆள் நிக்கப் போறாங்கன்னேன். 'பரிசீலனைக்கு அனுப்பியிருக்கோம். வேற ஏதாவது உதவி வேணுமா?' கேட்டாரே அந்தக் கேள்வியை! அடுத்த ரெண்டு நாளும் விளம்பரம் அங்கேயே இருந்தது. நேத்து எடுத்துட்டாங்க. இன்னைக்குக் காலையில அதே ஜன்னல், அதே திரைச்சீலை, வேற ஒரு பேர்ல.

அப்புறம் பேங்க். 47 நிமிஷம் பியானோ கேட்டேன். எடுத்த பொண்ணு அன்பாத்தான் பேசினா. ஆனா சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்கு வந்தா: 'பெயர் பொருந்தலைன்னு எச்சரிச்சோமே, பார்த்தீங்களா?' பார்த்தேன். 'பார்த்துட்டும் அனுப்பினீங்க.' அனுப்பினேன். 'சரி, பதிவு பண்ணிக்கிறேன்.' 2024 அக்டோபர் 7-ல இருந்து இங்க ஒரு விதி இருக்கு. இந்த நாட்டு அக்கவுண்ட்ல இருந்து இந்த நாட்டு அக்கவுண்டுக்கு ஏமாந்து அனுப்பின பணத்தை பேங்குகள் திருப்பித் தரணும். ஆனா ரொம்ப அலட்சியமா இருந்தீங்கன்னு நிரூபிச்சா தர வேண்டாம். தந்தாலும் 100 பவுண்டு வரைக்கும் பிடிச்சுக்கலாம். விசாரணைன்னு சொல்லி 35 வேலை நாள் வரை இழுக்கலாம். ஆக என் 240-ல நல்லபடியா நடந்தாலும் 140 வரலாம், இல்லைன்னா அதுவும் வராது. போலீஸ் மோசடிப் பிரிவுல ஆன்லைன்ல புகார் குடுத்தேன். ஒரு நீளமான நம்பர் வந்தது. அதுக்குப் பிறகு ஒண்ணும் வரல.

ஆறு மணிக்கு மேல யார்க்ல ரூம் தேடிப் பாருங்க, பந்தய நாள்ல. ஒரு இடத்துல ஒரு ராத்திரிக்கு 210 கேட்டான். கடைசியில பாட்டி வீட்டுல இருந்து பெட்டியை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினோம். லீட்ஸ் போனா ரூம் கிடைக்கும், அரை மணி நேரம்கூட ஆகாதுன்னு பாட்டிதான் சொன்னாங்க. பிளாட்பாரம் முழுக்கப் பந்தயம் பார்த்துட்டு வந்த கூட்டம், இறகு வச்ச தொப்பி, ஹை ஹீல்ஸைக் கையில தூக்கிக்கிட்டு வெறுங்கால்ல நடக்கிற பொண்ணுங்க. அம்மா பெட்டி மேல உக்காந்து, ஊர்ல இருந்து கொண்டு வந்த நேந்திரங்காய் சிப்ஸைப் பிரிச்சு, பக்கத்துல அழுதுட்டிருந்த ஒரு தொப்பிக்காரிக்கு நீட்டினாங்க. அவளும் பந்தயத்துல விட்டிருப்பா போல. வாங்கித் தின்னா.

லீட்ஸ்ல ரூம் 68 பவுண்டு. அதையும் சேர்த்தா கணக்கு 300-ஐத் தாண்டுது, ஆனா அதை நான் சேர்க்கப் போறதில்ல. அது நியாயமான காசு, படுக்கை இருந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடி யார்க் போனோம், அம்மா விடல. "வந்தது வந்தாச்சு, பாத்திட்டுப் போவோம்." பூத்தம் பார்ல ஏறி மங்க் பார் வரைக்கும் சுவர் மேல நடந்தோம். மொத்தச் சுவரும் மூணரை கிலோமீட்டர் இருக்கும், அதுல இந்தத் துண்டுதான் அழகுன்னு எல்லாரும் சொல்வாங்க. பாதி வழியில சுவர் திரும்புற மூலையில வலப்பக்கம் பார்த்தேன். தோட்டம், மரங்கள், எட்டு மூலைக் கூரை, நடுக்கோபுரம். எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. போனை எடுத்து விளம்பரப் போட்டோவைப் பக்கத்துல பிடிச்சேன். கிளை ஒண்ணு கோபுரத்துக்குக் குறுக்க வளைஞ்சிருக்கிறது வரைக்கும் அச்சு அசல் அதே காட்சி. எந்த வீட்டு ஜன்னலும் இல்ல. எவனோ இலவசமா நடக்கிற சுவர் மேல நின்னு எடுத்த போட்டோ. அதைச் சுத்தி ஒரு வெள்ளைச் சட்டத்தையும் திரைச்சீலையையும் ஒட்டி எனக்கு 240 பவுண்டுக்கு வித்திருக்கான். உத்துப் பார்த்தா திரைச்சீலை நிழல் ஒரு பக்கம் விழுது, மரத்து நிழல் இன்னொரு பக்கம் விழுது. இதை நான் வீட்டுல உக்காந்து பார்த்திருக்கக் கூடாதா?

இறங்கித் திரும்பி வந்தா பூத்தம் பாருக்கு எதிர்ல எக்சிபிஷன் ஸ்கொயர்ல ஒரு பெரியவர் பத்து பேரைச் சுத்தி வச்சு ஊர்க்கதை சொல்லிட்டிருக்கார். தன்னார்வ வழிகாட்டிகள். ரெண்டு மணி நேரம் ஊரைச் சுத்திக் காட்டிட்டு டிப்ஸ்கூட வாங்க மாட்டாங்க. சாயங்காலம் மின்ஸ்டர் வழிபாட்டுக்கும் டிக்கெட் கிடையாது, உள்ள போய் உக்காந்து கோரஸ் கேட்டோம். அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியல, கையைக் கூப்பிக்கிட்டே இருந்தாங்க. நான் மட்டும் மேல கூரையைப் பார்த்துக்கிட்டு 240, 240-ன்னு எண்ணிட்டிருந்தேன்.

என்னென்ன செய்யணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன். ஷிஃப்டுக்கு நேரமாச்சு, அதனால அவசரமா: தளத்தை விட்டு வாட்ஸ்அப்புக்குக் கூப்பிட்டா அங்கயே விட்டுடுங்க. பேர் பொருந்தலைன்னு பேங்க் சொன்னா அனுப்பாதீங்க, தங்கச்சி, மச்சான் கதையெல்லாம் கேக்காதீங்க. ஆகஸ்ட்ல யார்க் போறதா இருந்தா பந்தய தேதியை முதல்ல பாருங்க, லீட்ஸ்ல தங்கிப் போய்ட்டு வாங்க. பணம் போயிட்டா உடனே 159-க்கு அடிங்க, பெரும்பாலும் உங்க பேங்குக்கே இணைப்பு குடுப்பாங்க. நான் இது தெரியாம ரெண்டு மணி நேரத்தை வீணடிச்சேன். வேற ஏதோ ஒண்ணு இருந்தது, மறந்து போச்சு.

ஒரு விஷயம். அம்மாகிட்ட 40 பவுண்டுதான் போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்கே "நாப்பது பவுனா!"ன்னு ஒரு செகண்ட் நெஞ்சைப் பிடிச்சுட்டாங்க, அப்புறம்தான் அது தங்கம் இல்ல, இந்த ஊர்க் காசுன்னு உறைச்சது. சித்தி, நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். ராத்திரி அம்மா வீடியோ கால்ல வரும்போது வாயைத் திறந்துராதீங்க.