முகத்துக்கு எழுதிக்கொடுத்த எக்ஸ்ரேயைத் தலைக்கு எடுத்து அனுப்பிவிட்டார்கள்

போன மாதம் விசுவமடுப் பக்கம் மாடு குறுக்கே பாய்ந்து, மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்த அம்மா கிரவல் வீதியில் கன்னம் அடிபட விழுந்தார். பக்கத்து டொக்டர் முக எலும்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார். ஞாயிற்றுக்கிழமை, அவசரம் என்று ஏ9 வீதியோரம் ஒரு தனியார் இடத்துக்குப் போனோம். என் பிழை அங்கேதான் தொடங்கியது.

அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து ஒரே ஒரு படம். தோடு கழட்ட வேணுமா என்று கேட்டதற்கு, "பரவாயில்லை அம்மா, அசையாமல் இருங்கோ" என்றான் பெடியன். 3500 ரூபா. முறிவு இல்லையாம்.

பத்து நாளாகியும் மேலுதடு மரத்தே கிடந்தது. சோற்றுக்கு வாய் இரண்டு விரலளவுகூடத் திறக்கவில்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே எக்ஸ்ரே எடுத்த தங்கச்சி முதலில் தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, கட்டுப்பல் எல்லாவற்றையும் கழட்டி என் கையில் தந்தார். அம்மாவை நிமிர்த்தி இருத்தி, நாடியைத் தூக்கி, நாடியும் மூக்கும் பலகையில் முட்ட வைத்தார். அப்படி வைத்தால்தான் காதுக்கு உள்ளே உள்ள தடித்த எலும்பின் நிழல் கீழே இறங்கி, கன்ன எலும்பு மறைக்காமல் தெரியுமாம். கன்னத்துக்குள் இருக்கிற காற்றறையில் இரத்தம் தேங்கியிருந்தால், நிமிர்ந்து இருக்கும்போது அது மட்டக்கோடு போல விழும். படுத்தால் பரவிவிடும். பிறகு இன்னொரு கோணத்திலும் ஒரு படம்.

கன்ன எலும்பு உள்ளே அமுங்கியிருந்தது. வாய் திறக்காததும் உதடு மரத்ததும் அதனால்தான். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி சீ.டீ. ஸ்கான் எடுத்து, அமுங்கின எலும்பைப் பழைய இடத்துக்குத் தூக்கிவிட்டார்கள். இன்னும் இரண்டு கிழமை பிந்தியிருந்தால் கோணலாகவே பொருந்தியிருக்கும் என்றார் டொக்டர்.

பழைய படத்தை அவரிடம் காட்டினேன். "இது தலைக்கு எடுத்த படம் தம்பி" என்றார். பெயர் இல்லை, இடம் வலம் குறிக்கும் எழுத்தும் இல்லை. கண்ணுக்குத் துலக்கமாகப் பட்டது தோடு இரண்டும்தான்.

ஊர் ஆட்களே, படுக்கவைத்து ஒரு படத்தோடு அனுப்பினால் காசு கொடுக்க முதல் துண்டைக் காட்டிக் கேளுங்கள். நான் பிறகுதான் கொண்டுபோய்க் காட்டினேன். "டொக்டர் எழுதினதைத்தானே எடுத்தோம்" என்றார் முதலாளி. துண்டை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். "பெடியன் புதுசு" என்றார். காசு இன்னும் வரவில்லை.