பவர் ஸ்டியரிங் போட்டுத் தர்றேன்னு 38,500 ரூபாய் சுருட்டிட்டான், பெங்களூர் ஆளுங்க உஷாரா இருங்க

வீட்டுல சொந்தமா வண்டி கட்டுற பசங்க இதை முழுசா படிச்சிடுங்க. நேத்து சாயங்காலம்தான் அந்தக் கடைக்குக் கடைசியா போயிட்டு வந்தேன், இன்னும் படபடப்பு அடங்கல. 38,500 ரூபாய் போச்சு. பணம் போனது ஒரு பக்கம், எங்க அப்பாவுக்கு ஏதாவது ஆயிருந்தா அம்மாகிட்ட என்ன சொல்லியிருப்பேன், அதை நினைச்சாதான் வயிறு எரியுது.

நானும் அப்பாவும் அஞ்சு வருஷமா ஒரு கோப்ரா ரெப்ளிகா கட்டிட்டு இருக்கோம். 1962ல கரோல் ஷெல்பி, இங்கிலாந்து ஏசி கம்பெனியோட சின்ன வண்டியில ஃபோர்டு வி8 எஞ்சினை இறக்கினாரே, அந்த வண்டியோட உருவம். எங்களுக்கு வி8 எல்லாம் கட்டுப்படியாகாது, மாருதி ஜிப்ஸி 1.3 எஞ்சின், அதோட கியர்பாக்ஸ், மாருதி எஸ்டீம் ஸ்டியரிங் ராக் (முன்சக்கரத்தைத் திருப்புற பாகம்), பாடி நாங்களே மோல்டு எடுத்து ஃபைபர்ல போட்டது. அப்பா விமானம் செய்யுற எச்ஏஎல் கம்பெனியில 34 வருஷம் டர்னரா (லேத்ல கடையுறவரா) இருந்தவரு, வண்டியில இருக்கிற புஷ்ஷுல பாதி அவர் கையால கடைஞ்சது. ஆர்சி கிடைக்காதுன்னு தெரிஞ்சுதான் ஆரம்பிச்சோம், அதனால ரோட்டுக்கே எடுக்கிறதில்ல, ஆனேக்கல் பக்கம் மச்சானோட தோட்டத்துக்குள்ள ஒரு தார் ரோடு இருக்கு, அங்க மட்டும்தான் ஓட்டுவோம்.

போன வருஷம் அப்பாவுக்கு வலது தோள்ல ஆபரேஷன். எஸ்டீம் ராக் ஒல்லி டயருக்குன்னு செஞ்சது, நாங்க போட்டிருக்கிறது 225 மில்லிமீட்டர் அகல டயர், ஸ்டியரிங் வீலும் சின்னது, நின்ன இடத்துல திருப்பணும்னா எனக்கே மூச்சு வாங்கும். அப்பா ரெண்டு தடவை முயற்சி பண்ணிட்டு "நீயே ஓட்டுப்பா, நான் பக்கத்துல உட்காந்துக்கிறேன்"னு சாவியைக் குடுத்துட்டாரு. அதுக்கப்புறம்தான் பவர் ஸ்டியரிங் தேட ஆரம்பிச்சேன்.

பழைய பொருள் விக்கிற ஒரு ஆப்ல விளம்பரம் பார்த்தேன், "எந்த வண்டிக்கும் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங், கன்ட்ரோலரோட, ஃபிட்டிங்கும் சேத்து". கீழ ஸ்பேர் பார்ட்ஸ் கடை, மாடியில ஒர்க்‌ஷாப். பேரு போட வேணாம்னு வக்கீலுக்குப் படிக்கிற தம்பி சொல்லிட்டான், அதனால போடல. போன உடனே கடைக்காரன் என் பேச்சை வச்சே "அண்ணா நீங்க தமிழா, நான் சேலம் பக்கம்"னு ஆரம்பிச்சான், டீ வரவழைச்சான், அப்பாவுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டான். பெஞ்சுல மோட்டார் வச்ச ஒரு ஸ்டியரிங் காலமை (வீலைத் தாங்குற தண்டு) வைஸ்ல இறுக்கி, ஒரு பேட்டரியில மாட்டி, "ஐயா நீங்க புடிச்சுப் பாருங்க"ன்னு அப்பா கையைப் புடிச்சு வீல் மேல வச்சான். ரெண்டே விரல். அப்பா ரெண்டு விரலால அந்த முனையில இருந்து இந்த முனை வரைக்கும் சுத்திட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாரு பாருங்க, அந்த முகத்தைப் பார்த்ததும் நான் ஒண்ணுமே கேக்கல. பில் கேக்கல, எந்த வண்டியில இருந்து கழட்டினதுன்னு கேக்கல. அங்கேயே 30,000 யுபிஐல அனுப்பினேன், கடை பேருக்குக்கூட இல்ல, ஏதோ ஒரு பொம்பளை பேருக்குப் போச்சு, அப்பவும் உறைக்கல. வைஸ்ல இருக்கிற காலம்ல டயரும் இல்ல ராக்கும் இல்ல, பாரமே இல்லாம எது வேணா ரெண்டு விரல்ல சுத்தும், இது இத்தனை வருஷம் ஸ்பேனர் புடிச்ச எனக்குத் தோணல.

ஃபிட்டிங் அன்னைக்குத் தோட்டத்துக்கே ஆள் வந்து மாட்டினாங்க, மீதி 8,500 கையில வாங்கிட்டாங்க. டேஷ்போர்டுக்குக் கீழ ஒரு கறுப்பு பெட்டி, அதுல ஒரு திருகு, "ஸ்பீடு ஏற ஏற இதைக் குறைச்சுக்கங்க"ன்னான். நின்ன இடத்துல லேசாத்தான் திரும்புச்சு, அதை மறுக்கல.

மறுநாள் அப்பா ஓட்டினாரு, நான் பக்கத்துல. 40 கிலோமீட்டர் வேகம் கூட தாண்டல, வீல் தானா இடமும் வலமும் வெட்ட ஆரம்பிச்சுது, அப்பா இறுக்கிப் புடிக்கப் புடிக்க எதிர்ப்பக்கமா இழுக்குது, பொசுக்குனு வயர் கருகுற வாடை, நான் கையை நீட்டி எஞ்சினை ஆஃப் பண்ண, வண்டி பம்ப்செட் ரூம் சுவத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்னுச்சு. அன்னைக்கு ராத்திரி ஆபரேஷன் பண்ண தோள் வீங்கிடுச்சு.

கழட்டிப் பார்த்தோம். இந்த சிஸ்டம் எப்படின்னா, காலம் உள்ள ஒரு டார்ஷன் பார் இருக்கும், நாம திருப்பும்போது அது துளி முறுக்கிக்கும், அந்த முறுக்கை சென்சார் அளந்து ஈசியூங்கிற குட்டி கம்ப்யூட்டருக்குச் சொல்லும், ஈசியூ வண்டி வேகத்தையும் பார்த்து மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் விடணும்னு முடிவு பண்ணும், வேகம் ஏறினா உதவியைக் குறைக்கும். இவன் மாட்டினதுல ஸ்பீடு சிக்னல் வயரே இல்ல. சென்சார் வயரை வெட்டி முறுக்கி டேப் சுத்தியிருக்கான். வீலை முழுசா ஒடிக்கும்போது மோட்டார் 40, 50 ஆம்ப் இழுக்கும், அதுக்கு ஹார்ன் வயர் மொத்தத்துல ஒரு வயர், ஃபியூஸ் கிடையாது. கறுப்பு பெட்டியைத் திறந்தா ஒரே ஒரு ரிலே, கரண்டை ஆன் ஆஃப் பண்ற சாதாரண சுவிட்ச். அந்தத் திருகுல இருந்து வந்த ரெண்டு வயரும் எதுலயும் சேரல, பசை வச்சு பெட்டியோட அடியில ஒட்டியிருக்கு.

இதை விட பெருசு ஒண்ணு. காலம்ல இருந்து ராக்குக்குப் போற ஷாஃப்ட் மேல கறுப்பு பெயின்ட் ஒரு இடத்துல மட்டும் தடிமனா இருக்குன்னு அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பிளேடால சொரண்டினாரு. பெயின்ட்டுக்குக் கீழ பட்டி. பட்டிக்குக் கீழ வெல்டிங். ரெண்டு ஷாஃப்டை வெட்டி நேருக்கு நேர் ஒட்ட வச்சு சும்மா சுத்திலும் ஒரு பீடு (வெல்டிங் கோடு) ஓட்டியிருக்கான், உள்ள தாங்கிப் புடிக்க ஸ்லீவ் குழாய் இல்ல, பீடுல மயிரிழைக்கு ஒரு விரிசல். அப்பா விரல் நகத்தை அந்த விரிசல்ல வச்சுக் காட்டினாரு, ஒரு வார்த்தை பேசல.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரிஞ்ச கதைதான். முதல்ல "பேட்டரி வீக் அண்ணா". புது பேட்டரின்னு சொன்னா "அப்ப எர்த் சரியில்ல". அப்புறம் "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கான்". மூணு தடவை நேர்ல போனேன், ஒவ்வொரு தடவையும் கவுன்டர்ல இருக்கிற பையன் "நாளே பன்னி சார்"ங்கிறான், கன்னடத்துல நாளைக்கு வாங்கன்னு அர்த்தம். வாட்ஸ்அப்ல வெல்டிங் போட்டோ அனுப்பினேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, அவ்வளவுதான், அன்னையில இருந்து போன் எடுக்கல. நேத்து அவனையே நேருக்கு நேர் புடிச்சேன். ஷாஃப்டை டேபிள் மேல வச்சு 38,500ஐத் திருப்பிக் குடுன்னேன். தமிழே பேசல இப்ப, கன்னடத்துல ஆரம்பிச்சு முடிவுல ஒண்ணு கேட்டான், "போலீசுக்குப் போறியா, போ, உன் வண்டிக்கு ஆர்சி இருக்கா?" இதை முதல் நாளே மனசுல வச்சிருந்திருக்கான். ஆர்சி இல்லாத வண்டிக்காரன் எங்கயும் வாயைத் திறக்க மாட்டான்னு கணக்குப் போட்டுத்தான் இந்த மாதிரி விளம்பரமே போடுறான். ஆர்சி இல்லைன்னா ஒடைஞ்ச ஷாஃப்டை ஒட்டிக் குடுக்கலாமா? தோட்டத்துல ஓட்டினாலும் ஓட்டுறது மனுஷன்தானே?

நுகர்வோர் உதவி எண் 1915க்குக் காலைல கூப்பிட்டுப் புகார் பதிஞ்சிட்டேன். நான் வாங்கினது ஒரு பொருள், அதுக்குக் குடுத்தது காசு, வண்டிக்கு ஆர்சி இருக்கா இல்லையாங்கிறது வேற விஷயம். கையில பில் இல்ல, 30,000க்கு யுபிஐ ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, 8,500க்கு அதுவும் இல்ல, பார்க்கலாம்.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உட்காந்தேன், இப்ப முடியல. ஜிஎஸ்டி பில் இல்லாம காசு குடுக்காதீங்க. பெஞ்சுல சுத்திக் காட்டினா நம்பாதீங்க, டயர் தரையில இருக்கிற வண்டியில சுத்திக் காட்டச் சொல்லுங்க. ஸ்பீடு சிக்னல் எங்க இருந்து எடுக்கிறேன்னு கேளுங்க. ஷாஃப்ட்ல புதுசா பெயின்ட் இருந்தா சொரண்டிப் பாருங்க, கோவிச்சாலும் பரவாயில்ல.

பெங்களூர் பீன்யா பக்கம் ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் முனையில இருக்கிற பல்) வெட்டி ஒரே பீஸா ஷாஃப்ட் செஞ்சு தர்ற நல்ல ஒர்க்‌ஷாப் யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, பழைய மேனுவல் காலமையே திரும்ப மாட்டப் போறோம், அளவெல்லாம் அப்பா எடுத்து வச்சிட்டாரு.