கிண்டியில் ஆறு சனிக்கிழமை: கேஸ்-டீசல் இஞ்சினைக் கணினியில் எரித்துப் பார்க்கும் வகுப்பு

இருபத்திரண்டு வருடமாக ஜெனரேட்டர் சர்வீஸ் செய்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட், மாதவரம், செங்குன்றம் பக்கம்தான் என் லைன். டீசல் இஞ்சின் என்றால் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். போன வருடம் மாதவரத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இருந்த இரண்டு ஜெனரேட்டருக்கும், டீசலோடு கேஸையும் சேர்த்து எரிக்கும் கேஸ் கிட் மாட்டினார்கள். கரும்புகை போய்விட்டது. ஆனால் லோடு குறைவாக ஓடும்போது பக்கத்தில் நின்றால் கண் எரிந்தது. "என்னண்ணே, கேஸ் சுத்தம்னு சொன்னாங்க?" என்று ஓனர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதற்காகத்தான் கிண்டி தொழிற்பேட்டைக்குள் ஒரு மாடியில் நடக்கும் இந்த வகுப்பில் சேர்ந்தேன். ஆறு சனிக்கிழமை, காலை 10 முதல் மாலை 4 வரை, 9,500 ரூபாய். குறையும் எழுதப்போகிறேன், அதனால் இடத்தின் பெயர் வேண்டாம்.

முதல் வாரம் வேதியியல். கான்டெரா என்ற, வேதிவினைகளைக் கணக்கிடும் இலவச மென்பொருள். அதில் இயற்கை எரிவாயு எரிவதற்கான ஜிஆர்ஐ-மெக் 3.0 என்ற வினைப் பட்டியல். வெறும் கேஸ் எரிவதற்கே 53 பொருட்கள், 325 வினைகள். டீசலில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருப்பதால், எரியும் குணம் ஒத்துவரும் என்-ஹெப்டேனை அதற்குப் பதிலாள் போட்டுக்கொள்கிறார்கள். பிளஸ் டூவோடு வேதியியலைக் கைகழுவிய எனக்கு அன்று தலை சுற்றியது.

இரண்டாம் வாரம் ஓப்பன்ஃபோம், சிலிண்டருக்குள் காற்றும் தீயும் நகர்வதைக் கணக்கிடும் மென்பொருள். டீசல் பீய்ச்சும் நாசிலில் ஆறு துளை இருந்தால் முழு சிலிண்டரையும் வரையத் தேவையில்லை. 60 டிகிரி துண்டு ஒன்று, கேக் வெட்டின மாதிரி, போதும். இன்டேக் வால்வு மூடுவதில் ஆரம்பித்து எக்ஸாஸ்ட் வால்வு திறப்பது வரை ஓட்டுகிறோம். காற்றோடு கலந்து கேஸ் உள்ளே இருக்கிறது. பிஸ்டன் மேலே வரும்போது கொஞ்சம் டீசல் பீய்ச்சி அதைப் பற்றவைக்கிறது. திரையில் அந்தத் தீ பரவுவதைப் பார்த்ததும் சத்தியமாக உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் ஹெட்டைக் கழற்றிக் கரியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

காசுக்குப் பெறுமானம் நான்காவது சனிக்கிழமைதான். எங்கள் ரன்னில் வந்த பிரஷர் கோடும் நிஜ இஞ்சினில் அளவெடுத்த கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. எல்லோரும் கைதட்டினோம். சொல்லித்தரும் மேடத்துக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அவர் சிரிக்கவில்லை.

"சார், மீத்தேன் எவ்வளவு வருதுன்னு பாருங்க."

பார்த்தேன். கேஸில் பெரும்பகுதி மீத்தேன்தான். ஃபுல் லோடில் எங்கள் ரன்னில் எரியாத மீத்தேன் ஏறக்குறைய பூஜ்யம். அளவெடுத்ததிலோ நிறைய இருந்தது. என்ன விட்டுப்போச்சு என்று அவர் கேட்டபோது, எனக்கே ஆச்சரியமாக, பதில் என் வாயிலிருந்து வந்தது: "மேடம், பிஸ்டன் ஓரத்துல இருக்கிற இடுக்கையே காணோமே?" முதல் ரிங்குக்கு மேலே பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவே முடி அளவு இடைவெளி உண்டு. அழுத்தம் ஏறும்போது கேஸ் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். சுவர் குளிர்ச்சி, தீ நுழையாது. பிஸ்டன் இறங்கும்போது வெளியே வந்து புகைக்குழாயில் போய்விடும். அந்த இடுக்கையும் மெஷ்ஷில் (சிலிண்டரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்த வரைபடத்தில்) சேர்த்து ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். காலையில் மீத்தேன் எண் ஏறியிருந்தது. நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு பூமியைச் சூடாக்கும், இருபது வருடக் கணக்கில் 80 மடங்குக்கு மேல். புகை தெரியவில்லை என்பதால் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

என் கண்ணெரிச்சலுக்கு அடுத்த வாரம் விடை கிடைத்தது. லோடு குறைந்தால் கேஸ்-காற்றுக் கலவை மெலிந்துவிடும். டீசல் பட்ட இடத்தைச் சுற்றி மட்டும் எரிந்து, தீ ஓரம் வரை போகாமல் பாதியில் அணையும். அரைகுறையாக எரிந்ததில் ஃபார்மால்டிஹைடு வரும், அதுதான் கண்ணைக் கரிக்கிறது. டீசலை முன்கூட்டியே பீய்ச்சினால் மீத்தேன் குறைகிறது; ஆனால் சூடு ஏறி, 1800 கெல்வினைத் தாண்டிய இடங்களில் நைட்ரஜன் ஆக்சைடு எகிறுகிறது. ஒன்றை அமுக்கினால் இன்னொன்று கிளம்புகிறது.

சரி, குறைகள். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். என் பார்ட்னர் பையன் மவுஸை விடவே மாட்டான். ஐந்தாம் வாரம், பதினோரு மணி நேரம் ஓடின ரன் கரண்ட் போய் அழிந்தது, நடுவில் சேவ் செய்யும் அமைப்பைப் போட்டு வைக்கவில்லை. இஞ்சின் வகுப்பு நடக்கும் கட்டடத்தில் ஜெனரேட்டர் இல்லை! புதிய ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலை 1 முதல் வந்த சிபிசிபி-4 பிளஸ் விதிகள் (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புகை வரம்புகள்) பற்றி அரை மணி நேரம்தான் பேசினார்கள், அதுவும் அவசரமாக. எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் சோறு போடும் விஷயம்.

வகுப்பு முடிந்ததும் மாதவரம் போனேன். இரண்டு ஜெனரேட்டரையும் முப்பது சதவீத லோடில் ஓட்டாமல், ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை அறுபதில் ஓட்டச் சொன்னேன். இப்போது ஓனர் ஜெனரேட்டர் பக்கத்திலேயே நின்று போன் பேசுகிறார்.

சேர்வதாக இருந்தால் லினக்ஸ் கட்டளை நாலைந்து பழகிக்கொண்டு போங்கள். சொந்த லேப்டாப் இருந்தால் கொண்டுபோய்விடுங்கள், மவுஸ் சண்டை மிச்சம். ஐந்துக்கு மூன்றரை தருவேன். அதில் மூன்று மேடத்துக்கு.